பிடிக்காத பாடகரை ரசிக்கப் பழகுறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி.ராமநாதன் பாட்டை முதல் தடவை கேட்டப்போ நான் என்ன பண்ணேன் தெரியுமா, யூடியூப்ல அந்த பல்சக்கர பட்டனை அமுக்கி ஸ்பீட் தப்பித்தவறி 0.75ல கிடக்குதான்னு பார்த்தேன். நார்மல்லதான் இருந்துச்சு. மனுஷன் பாடுறதே அப்படித்தான். சரி நாமளே சரி பண்ணிடுவோம்னு 1.25ல வெச்சுக் கேட்டேன், அது இன்னும் கேவலமா போச்சு, கமகம் (ஸ்வரத்தை அசைச்சு வளைச்சுப் பாடுறது) எல்லாம் யாரோ துரத்துற மாதிரி உதறிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல மூடிட்டு, இதை எல்லாம் உக்காந்து கேக்குறவங்க சும்மா பந்தாவுக்குத்தான் கேக்குறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன்.

இப்போ ராத்திரி லைட்டை அணைச்ச பிறகு நான் போடுறது பெரும்பாலும் அவர் பாட்டுதான். நடுவுல ஒண்ணும் மந்திரம் நடக்கல. ஒரு நண்பர் விடாம நச்சரிச்சதால கொஞ்சம் முறையா கேட்டுப் பார்த்தேன், அது வேலை செஞ்சது, அதே முறையை வேற நாலஞ்சு பேர்கிட்டயும் போட்டுப் பார்த்தேன், சிலர்கிட்ட பலிச்சது, சிலர்கிட்ட சுத்தமா பலிக்கல. அந்த முறையைத்தான் இங்க எழுதுறேன். கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க, ராக், ஜாஸ், ராப், சினிமா பாட்டு எதுக்கும் ஆகும்.

யாரை எடுக்குறது

முதல்ல ஒரே ஒரு ஆள். "எனக்கு ராப்பே பிடிக்காது, அதைப் பழகணும்"னு கிளம்புனா கடலை வாளில மொள்ளுற கதைதான். ஒரு ஆள், அதுலயும் ஒரு பாட்டு, அவ்ளோதான்.

எந்த ஆள்னா, கேட்டா உங்களுக்கு நிஜமாவே எரிச்சல் வரணும், அதே சமயம் உங்களுக்கு மதிப்பு இருக்கிற யாரோ ஒருத்தர் அவரை உருகி உருகிக் கேக்கணும். இந்த ரெண்டும் சேர்ந்து இருந்தா விடாதீங்க. கேட்டா ஒண்ணுமே தோணாத ஆள்கிட்ட இது வேலைக்கு ஆகாது, ஏன்னா எரிச்சல்னு ஒண்ணு வருதுன்னாலே உங்க காது எதையோ கவனிச்சிருக்குன்னு அர்த்தம். என் அனுபவத்துல "ச்சீ"ன்னு சொன்னதுலதான் பின்னாடி பைத்தியமானது அதிகம், "பரவாயில்ல"ன்னு சொன்னது எல்லாம் இன்னிக்கும் பரவாயில்லதான்.

ஏன் பிடிக்கலைன்னு எழுதுங்க, ஒரு வரி போதும்

இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. ஃபோன் நோட்ஸ்லயாவது எழுதுங்க. "குரல் கரகரன்னு இருக்கு", "ரொம்ப இழுக்குறார்", "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி", "கேட்டுக் கேட்டு புளிச்சுப் போச்சு", "அவர் ரசிகர்கள் தொல்லை தாங்கல". இப்படி ஏதாவது ஒண்ணு வரும். எழுதிட்டு அந்த வரியை மறுபடி படிச்சுப் பாருங்க, அதுல சங்கீதத்தைப் பத்தி எவ்ளோ இருக்கு, சங்கீதத்துக்கு வெளியில இருக்கிறது எவ்ளோன்னு.

பாதிப் பேருக்கு வெளியில இருக்கிறதுதான் அதிகமா இருக்கும். நம்ம ஊர் இளையராஜா - ரஹ்மான் சண்டையையே எடுத்துக்கங்களேன். ராஜா ரசிகன்னா ரஹ்மானைக் கம்ப்யூட்டர் மியூசிக்னு சொல்லியாகணும், ரஹ்மான் ரசிகன்னா ராஜாவைப் பழசுன்னு சொல்லியாகணும், என்னமோ கட்சி உறுப்பினர் அட்டை வாங்குன மாதிரி. 1992ல தன் முதல் படம் வர்றதுக்கு முன்னாடி ரஹ்மான் சின்ன வயசுலேயே ராஜா குழுவுல கீபோர்ட் வாசிச்சவர். வாசிச்சவங்களுக்கு நடுவுல இல்லாத சுவரை கேக்குறவங்க எழுப்பி வெச்சிருக்கோம். உங்க காரணம் இந்த ரகம்னா பாதி வேலை முடிஞ்சுது, கமெண்ட் செக்‌ஷனைப் பார்க்காம ஒரு மாசம் கேளுங்க, அவ்ளோதான் மருந்து.

இன்னொண்ணு, ஒரு வெறுப்புக்குள்ள நாலு காரணம் கலந்து கிடக்கும். 1965 ஜூலை 25ல அமெரிக்காவுல நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுல பாடகர் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோட மேடை ஏறுனப்போ கூட்டத்துல கூச்சல். ஏன் கத்துனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டு வந்தது துரோகம்னு கத்துனவங்க உண்டு, சவுண்ட் மோசம், வார்த்தையே கேக்கலைன்னு கத்துனவங்க உண்டு, வாத்தியக் குழுவோட 3 பாட்டு மட்டும் பாடிட்டு இறங்கிட்டாரேன்னு கத்துனவங்களும் உண்டு. மூணும் வேற வேற கோபம், ஆனா வெளிய கேட்டது ஒரே "ஊ..." சத்தம். நம்ம "பிடிக்கல"யும் அப்படித்தான், பிரிச்சுப் பார்த்தாதான் எதைச் சரி பண்ணலாம்னு தெரியும்.

அந்த ஆள் நடத்தை பிடிக்காம அவர் பாட்டையே ஒதுக்குறீங்கன்னா அது வேற கணக்கு. அதுக்கு இந்தக் கட்டுரை உதவாது, உதவவும் வேண்டாம். ஒதுக்குறது உங்க உரிமை.

எந்த வாசல் வழியா உள்ள போறது

எல்லாரும் பண்ற தப்பு, "பெஸ்ட் ஆஃப்" ப்ளேலிஸ்ட்டைப் போட்டு உக்கார்றது. அதுல இருக்கிறது எல்லாம் ஏற்கனவே ரசிகரா இருக்கிறவங்க பொறுக்குனது, உங்களுக்கு எது எரிச்சலோ அதுவே பத்து மடங்கு கெட்டியா இருக்கும். நீங்க தேட வேண்டியது பக்கவாட்டுக் கதவு.

ஏற்கனவே பிடிச்ச ஒருத்தரும் பிடிக்காத இவரும் சேர்ந்து பண்ணது ஏதாவது இருக்கான்னு முதல்ல பாருங்க. எனக்கு தெலோனியஸ் மங்க்னு ஒரு ஜாஸ் பியானோக்காரர் ஆகவே ஆகாது, குழந்தை பியானோல கையை வெச்ச மாதிரி இருக்கேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆனா சாக்ஸஃபோன் வாசிச்ச ஜான் கோல்ட்ரேன்னா உயிர். ரெண்டு பேரும் 1957 நவம்பர் 29ல நியூயார்க் கார்னெகி ஹால்ல சேர்ந்து வாசிச்ச கச்சேரி ஒண்ணு இருக்கு, அந்த டேப் ஏறக்குறைய 50 வருஷம் யார் கண்ணுலயும் படாம கிடந்து 2005ல அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல கிடைச்சுது. கோல்ட்ரேனுக்காகப் போட்டேன். அவர் மூச்சு விடாம பொழிஞ்சுட்டுப் போறப்போ பின்னாடி மங்க் ஒரே ஒரு அடி, அப்புறம் சும்மா இருக்கார், மறுபடி ஒரு அடி. அந்த சும்மா இருக்கிறதுதான் அங்க வாசிப்புன்னு மண்டையில ஏறவே எனக்கு மூணு தடவை கேக்க வேண்டியிருந்துச்சு. தனியா மங்க்கைக் கேட்டிருந்தா ஜென்மத்துக்கும் ஏறியிருக்காது.

சினிமாவுலயும் இந்தக் கதவு உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதனை "அப்பா காலத்து ஆள்"னு தள்ளி வெச்சிருக்கிற ராஜா ரசிகருக்கு, 1986ல ரெண்டு பேரும் சேர்ந்து இசையமைச்ச மெல்லத் திறந்தது கதவு படத்தைக் கொடுத்துப் பாருங்க.

குரல்தான் பிரச்சனைன்னா அவர் எழுதுன பாட்டை வேற யாராவது பாடியிருக்காங்களான்னு தேடுங்க. டிலன் குரல் ஆகாதுன்னு சொல்றவங்க பல பேர் டிலன் பாட்டை ராக் இசைக்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டார்ல தெரியாமலே ரசிச்சிட்டு இருப்பாங்க. பாட்டு மேல ஒரு பிடிப்பு வந்துட்டா, அப்புறம் எழுதுன ஆளே எப்படிப் பாடியிருக்கார்னு ஒரு ஆர்வம் தானா வரும், அப்போ அந்தக் கரகரப்பு குத்துறது குறைஞ்சிடும்.

ஒரு வாரம், ஒரு பாட்டு

1968ல ராபர்ட் சயான்ஸ்னு ஒரு உளவியலாளர் ஒரு பேப்பர் எழுதுனார், ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணுல காதுல பட்டாலே அது மேல ஒரு பிரியம் வந்துடும்னு. அப்போ நூறு தடவை கேட்டா எதுவும் பிடிச்சிடும்னு ஆரம்பிச்சிடாதீங்க. ஏற்கனவே எரிச்சலா இருக்கிறதை அதே எரிச்சலோட திரும்பத் திரும்பக் கேட்டா எரிச்சல்தான் ஏறும். பக்கத்து வீட்ல ஒரே பாட்டை நாள் பூரா போட்டா உங்களுக்குப் பிரியமா வருது? ஒவ்வொரு தடவையும் வேற எதையாவது கவனிக்கணும், அதுதான் சூட்சுமம்.

நான் பண்றது இது. ஒரே பாட்டு, ஒரே ரெக்கார்டிங், அஞ்சு நாள், நாளுக்கு ஒரு தடவை, ஹெட்ஃபோன்ல. ஃபோனைக் கவுத்து வெச்சிடணும். பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்குறது பிடிச்ச பாட்டுக்கு சரி, இதுக்கு சரிப்படாது. முதல் நாள் சும்மா ஓட விடுறது, எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது, ஸ்கிப் பண்ணவும் கூடாது. ரெண்டாவது நாள் முக்கிய ஆளை விட்டுட்டு கூட வாசிக்கிறவங்களை மட்டும், மிருதங்கமோ டிரம்ஸோ பேஸ் கிட்டாரோ. மூணாவது நாள் மூச்சு எங்க எடுக்குறார், எங்க நிறுத்துறார், எங்க ஒண்ணுமே பண்ணாம விடுறார்னு. நாலாவது நாள் வார்த்தை, அர்த்தத்தைத் தேடிப் படிச்சிட்டு. அஞ்சாவது நாள் மொத்தமா.

எனக்கு நாலாவது நாள்தான் மாட்டுச்சு. நண்பர் கொடுத்தது எம்.டி.ஆர் பாடுன "சாமஜ வர கமனா", தியாகராஜர் கிருதி, ஹிந்தோளம் ராகம். இதே பாட்டை விறுவிறுன்னு பாடி எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன், அர்த்தம் பார்த்ததே இல்ல. சாமஜம்னா யானை, கமனம்னா நடை. உயர்ந்த ஜாதி யானை மாதிரி நடையழகு உள்ளவனேன்னு கூப்பிடுறார். யானையாம்! யானை எப்பய்யா ஓட்டமும் நடையுமா போச்சு? அந்தாளு கீழ் ஸ்ருதியில ஒரு கால், நிதானமா அடுத்த கால்னு வெச்சுப் போறதைக் கேட்டுட்டு, நான் 1.25ல வெச்சுக் கேட்டேனேன்னு நினைச்சு எனக்கே வெக்கமா போச்சு. அவர் இதுக்காகத்தான் மெதுவா பாடுனாரான்னா, அப்படிச் சொல்ல முடியாது, எல்லாத்தையுமே அவர் நிதானமாத்தான் பாடுவார். ஆனா "இவர் ஏன் இவ்ளோ ஸ்லோ"ன்னு கேட்டுட்டு இருந்தவன் "இந்த வேகத்துல மட்டும் என்ன கேக்குது"ன்னு கேக்க ஆரம்பிச்சேன், அது அந்த நாள்தான். ஒரு ஸ்வரத்துல நின்னு அடுத்ததுக்கு இறங்குறதுக்குள்ள நடுவுல எவ்ளோ சங்கதி இருக்குன்னு வேகமா பாடுறவங்ககிட்ட கேக்கவே கேக்காது, பஸ்ல போறவனுக்கு ரோட்டோரப் பூ தெரியாத மாதிரி.

நீங்களே பண்ணிப் பாருங்க

பாட வராதுன்னு கூச்சப்படாதீங்க, யாரும் கேக்கப் போறதில்ல. ஃபோன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டு அந்தப் பாட்டோட முதல் வரியை அவர் வேகத்துல பாடிப் பாருங்க. நான் கையில தாளம் போட்டுட்டு எம்.டி.ஆர் வேகத்துல ஆரம்பிச்சேன், ரெண்டாவது ஆவர்த்தனத்துலயே (தாளத்தோட ரெண்டாவது சுத்துலயே) என் தாளம் ஓட ஆரம்பிச்சிடுச்சு, எனக்கே தெரியாம. திரும்பப் போட்டுக் கேட்டப்போதான் தெரிஞ்சுது. வேகமா பாடுறதுதான் கஷ்டம்னு நினைச்சிட்டு இருந்தேன், மெதுவா பாடி தாளத்தை ஓட விடாம பிடிச்சு வெக்கிறது எவ்ளோ பெரிய வித்தைன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

மங்க் விஷயத்துலயும் இதே கதை. கீபோர்ட் ஆப் ஒண்ணை ஃபோன்ல இறக்கி, அவர் அடிக்கடி பண்ற மாதிரி பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கட்டையை ஒரே நேரத்துல அமுக்கிப் பார்த்தேன். தனியா அடிச்சா பல் கூசுது. அப்புறம் ஒரு கட்டையை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் பிடிச்சு வெச்சேன், சத்தம் லேசா வழுக்கி இறங்குற மாதிரி காதுக்கு ஒரு மயக்கம். பியானோல கமகம் வராதே, அது ஒவ்வொரு கட்டையும் தனித்தனிப் படிக்கட்டு. ரெண்டு படிக்கு நடுவுல இருக்கிற ஸ்வரத்துக்கு ஆசைப்பட்டா ரெண்டையும் சேர்த்து அமுக்குறது ஒரு வழின்னு ஜாஸ்காரங்க விளக்கம் சொல்வாங்க. கமகத்துல ஊறுன காதுக்கு இது புரியாதா என்ன. நான் தப்பான ஸ்வரம்னு நினைச்சது எல்லாம் அவர் அந்தப் படிக்கட்டோட மல்லுக்கட்டுனது.

அவர் காலத்துல போய் உக்காருங்க

சில பேரைப் பிடிக்காததுக்குக் காரணம் அவங்க காலத்து சத்தம். 80கள்ல வந்த ராக் பாட்டுல டிரம் அடிச்சா டமார்னு வெடிச்சு சட்டுனு அறுந்து போகும், அது அன்னிக்கு புதுசு, எல்லாரும் மேல போட்டுக்கிட்ட சட்டை அது. சுதி விலகுன குரலைத் திருத்துற ஆட்டோட்யூன் சாஃப்ட்வேரும் அப்படித்தான், 1997ல வந்துச்சு, அடுத்த வருஷமே ஷெர்னு ஒரு பாப் பாடகி ஒரு பாட்டுல அதை ஒளிக்காம வேணும்னே குரலை உடைக்கிற மாதிரி பயன்படுத்துனாங்க. சுதி சேராததை மறைக்கிறதுக்கும் வேணும்னே கருவியா வாசிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுதுன்னா ராப்காரங்க மேல இருக்கிற பாதிக் கோபம் இறங்கிடும்.

சில சமயம் ஆளே மாறியிருப்பாங்க. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயோட கடைசி வருஷங்கள்ல, 1958ல பண்ண ரெக்கார்டிங்கைக் கேட்டுட்டு "இந்த உடைஞ்ச குரலுக்கா இவ்ளோ பேரு"ன்னு கேட்டவங்க உண்டு, அடுத்த வருஷமே அவங்க போயிட்டாங்க. அதுல இனிமையைத் தேடுனா கிடைக்காது. 30கள்ல அவங்க பாடுனதை முதல்ல கேட்டுட்டு வந்து இதைப் போட்டா, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாடியே நடந்து வர்ற அந்தப் பழக்கம் அப்படியே இருக்கும், குரல்தான் தேய்ஞ்சிருக்கும். இப்படி முன்னாடி பின்னாடி வெச்சுக் கேக்குறது ரொம்ப நல்ல வழி.

காது மாறுறதுக்கு நாள் ஆகும், ஆனா நாம நினைக்கிற அளவுக்கு இல்ல. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியோட பாலே நடன இசை ஒண்ணு 1913 மே 29ல பாரிஸ்ல முதல் தடவை அரங்கேறுனப்போ அரங்கத்துல ரகளையாச்சு. அடுத்த வருஷம் அதே ஊர்ல, நடனம் இல்லாம இசையை மட்டும் வாசிச்சாங்க, கூட்டம் அவரைத் தோள்ல தூக்கிட்டுப் போச்சு. 1940ல அதே இசை டிஸ்னி கார்ட்டூன்ல டைனோசருக்குப் பின்னணி!

ரசிகர்கிட்ட என்ன கேக்கணும்

"இவர்கிட்ட அப்படி என்ன இருக்கு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. ஒண்ணு சண்டை வரும், இல்ல ஒரு மணி நேரம் பிரசங்கம் வரும். "உனக்கு உடம்பு சிலிர்க்கிற ஒரு முப்பது செகண்ட் எதுன்னு டைமோட சொல்லு"ன்னு கேளுங்க. உண்மையான ரசிகர் டக்குனு சொல்லிடுவார், நாலாவது நிமிஷம் பன்னெண்டாவது செகண்ட்னு. அந்த முப்பது செகண்டைப் பக்கத்துல உக்காந்து சேர்ந்து கேளுங்க, அவர் எங்க கண்ணை மூடுறார், எங்க தலையாட்டுறார்னு பாருங்க. நூறு கட்டுரை படிக்கிறதை விட அது மேல்.

வரலைன்னா?

ரெண்டு மூணு வாரம் பார்த்தும் ஒண்ணும் நடக்கலைன்னா விட்டுடுங்க. நடிக்காதீங்க, முக்கியமா அந்த நச்சரிக்கிற நண்பர் முன்னாடி தலையாட்டாதீங்க, அப்புறம் வாழ்நாள் பூரா ஆட்டணும். ரசிக்கிறது வேற, மதிக்கிறது வேற, ஒருத்தர் என்ன பண்றார்னு புரிஞ்சு "சரி, பெரிய ஆளுதான், எனக்கு வேண்டாம்"னு நிக்கிறதும் ஒரு இடம்தான், முன்ன இருந்த இடத்துக்கு அது எவ்வளவோ தேவல. எனக்கு ஒருத்தர் அப்படி இருக்கார், பேர் சொன்னா அடிக்க வருவீங்க. மூணு தடவை முயற்சி பண்ணிட்டேன், காரணம் கூட எழுதி வெச்சிருக்கேன், "பாட்டு ஆரம்பிச்ச உடனே அழ வைக்கப் பார்க்குறார்"னு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ரிமைண்டர் போட்டிருக்கேன்.

கடைசியா ஒரு பக்க விளைவு, யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. எம்.டி.ஆர் பழகுன பிறகு, முன்ன நான் உயிரா நினைச்ச ஒரு வித்வானோட அதிவேக ஸ்வரத்தைப் போட்டேன், பத்து நிமிஷத்துல கை தானா போய் பல்சக்கரத்தை அமுக்குது. 0.75ல வெச்சுப் பார்க்கலாமான்னு.